காருக்குச் சம்பளம்

எங்கள் வீட்டில் சம்பளம் வாங்குகிறவர்கள் நான்கு பேர். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் அண்ணன், அச்சகத்தில் பிழை திருத்தும் நான், வாடகைக் கார் ஓட்டும் அண்ணி, நான்காவதாக அந்தக் கார். எங்கள் மூவரின் சம்பளம் சில மாதங்களில் முன்னே பின்னே வரும். காருக்கு மட்டும் ஆறு வருடங்களில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. கொடுப்பவர் அண்ணி.

அது பெரிய மனிதர்கள் பின்னிருக்கையில் சாய்ந்து போவதற்கென்று செய்த கார். கறுப்பு. எங்கள் தெருவில் திருப்பினால் ஒரு முனை மளிகைக் கடை வாசலிலும் மறு முனை தையல் கடை வாசலிலும் இருக்கும். கதவைச் சாத்தியதும் வெளிச் சத்தம் கத்தரித்ததுபோல் நின்றுபோகும். சக்கரங்களுக்கு மேல் இரும்புச் சுருள்களுக்குப் பதிலாகக் காற்றுப் பைகள். பள்ளத்தில் இறங்கினால் பள்ளம்தான் மரியாதையாகக் கொஞ்சம் நகர்ந்துகொண்டது என்று தோன்றும்.

அண்ணி ஒரு கம்பெனி இயக்குநரிடம் ஓட்டுநராக இருந்தபோது ஏழு வருடம் இதே காரைத்தான் ஓட்டினார். ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம் கிலோமீட்டர் ஆனதும் கம்பெனி அதை விற்க முடிவு செய்தது. வாங்க ஆள் வரவில்லை. சொகுசுக் கார் பழசானால் அதன் விலை மலையிலிருந்து உருண்டதுபோல் இறங்கும். உதிரி பாகங்களின் விலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். காரை வாங்குவது மலிவு, வைத்திருப்பது மலிவல்ல. அதனால் யாரும் கிட்டே வரவில்லை. பத்து மாத வீட்டு வாடகைக்குச் சமமான தொகையைக் கொடுத்து அண்ணி அதை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வாடகையில் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். பெரிய செலவு எதையும் வாடகையால்தான் அளப்போம். ஃபிரிட்ஜ் இரண்டு வாடகை. அண்ணனின் பல் வைத்தியம் ஒன்றரை வாடகை. "போன வருஷம் முக்கால் வாடகையைப் படிச்சுத் தீர்த்திருக்க தம்பி," என்று என் கவிதைப் புத்தக அடுக்கைப் பார்த்து அண்ணி சொல்வார். "அதுல பாதிப் பக்கம் வெள்ளையாவே இருக்கு. அந்த இடத்துக்கும் சேர்த்தா காசு வாங்கினான்?"

ஒவ்வொரு சவாரியும் முடிந்து வாசலில் வண்டியை நிறுத்தியதும் அண்ணி உடனே இறங்க மாட்டார். ஐந்து நிமிடம் உள்ளேயே இருப்பார். ஓடிய தூரத்தைச் சின்ன நோட்டில் எழுதுவார். வந்த பணத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று எடுத்துத் தனியாக மடித்துக்கொள்வார். அதுதான் காரின் சம்பளம். அதற்கப்புறம்தான் பெட்ரோல், அதற்கப்புறம் வீடு. மாதத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்குவதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "வண்டி மாசக் கணக்குலயா தேயுது? ஓடினாத் தேயுது. ஓடின அன்னிக்கே குடுத்துடணும்."

வீட்டுக்குள் வந்ததும் அந்தப் பணம் பீரோவின் கீழ்த்தட்டில் உள்ள ஐந்து துணிப் பைகளுக்குப் பிரிந்து போகும். பைகளின் மேல் அண்ணி மார்க்கரால் பெயர் எழுதியிருந்தார். எஞ்சின் எண்ணெய்க்கு 'ரத்தம்'. டயருக்குச் 'செருப்பு'. பிரேக்குக்குக் 'கடிவாளம்'. காற்றுப் பைகளுக்கு 'முதுகு'. ஐந்தாவது பையில் 'தெரியாது' என்று இருந்தது.

நான் இவர்களோடு குடிவந்த புதிதில் கேட்டேன். "என்ன அண்ணி இது, தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க?"

"தெரிஞ்சிருந்தா பேர் எழுதியிருக்க மாட்டேனா?" என்றார். பிறகு பீரோவைச் சாத்திக்கொண்டே சொன்னார்: "இவ்வளவு ஓடின வண்டியில அடுத்து எது போகும்னு வண்டிக்கே தெரியாது. அதனால அந்தப் பைக்குத்தான் பெரிய பங்கு."

தெரிந்த செலவுக்கு எல்லோரும் ஒதுக்குகிறார்கள். தெரியாத ஒன்றுக்கு, அது வரும் முன்பே, நாள் தவறாமல் கூலி எடுத்து வைக்கும் ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அச்சகத்தில் பிழை திருத்தும்போது சில சமயம் அந்தப் பை நினைவுக்கு வந்து, கையில் பேனாவோடு அப்படியே இருந்துவிடுவேன்.

அண்ணனுக்கு இதில் எதுவும் வியப்பில்லை. அவனுக்கு ஒரே ஒரு குறை. அது 'ரத்தம்' பையைப் பற்றியது.

பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சின் எண்ணெய் மாற்றினால் போதும் என்று காரோடு வந்த புத்தகத்தில் அச்சாகியிருந்தது. அண்ணி ஏழாயிரத்து ஐந்நூறுக்கு ஒருமுறை மாற்றினார். ஒரு தடவை மாற்ற வாடகையில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். அண்ணன் எழுத்தர் அல்லவா, அவன் விடுவானா?

"காரைச் செஞ்சவனே பதினஞ்சாயிரம்னு சொல்றான். அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

"செஞ்சவன் புதுசா இருந்தப்ப பார்த்தான். நான் தினமும் பார்க்கறேன்."

"நல்லா இருக்கற எண்ணெயைக் கொட்டிட்டு வர. யானையைக் கட்டித் தீனி போடறோம் சரி. சாப்பிட்டு முடிச்ச யானைக்கு இன்னொரு தடவையும் ஊட்டணுமா?"

"யானை உங்களை ஒண்ணும் கேக்கலீங்க. அதோட சம்பளத்துல அது சாப்பிடுது."

இது எங்கள் வீட்டில் வருடத்துக்கு நான்கைந்து முறை நடக்கும். கம்பெனியில் இருந்த நாட்களில் இதே மாதிரி இன்னொரு காரின் எஞ்சினைத் திறந்து பார்த்திருக்கிறார் அண்ணி. உள்ளே சாலை போடும் தார் மாதிரி கெட்டியாகக் கறுப்பு அப்பியிருந்ததாம். அதற்கு மேல் அவர் விளக்கம் சொன்னதில்லை. அண்ணனும் அதற்கு மேல் கேட்டதில்லை. செலவை மட்டும் கூட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நான்கு லட்சத்துப் பதினோராயிரத்து அறுநூறு கிலோமீட்டர் ஆன ஒரு காலையில் அண்ணி காரை ஸ்டார்ட் செய்துவிட்டு உடனே அணைத்தார். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். எனக்கு எதுவும் வித்தியாசமாகக் கேட்கவில்லை. அண்ணியின் முகம்தான் வெளுத்திருந்தது.

"கேட்டுச்சா?"

"என்ன அண்ணி?"

"டப்பாவுல கல்லைப் போட்டு உலுக்கின மாதிரி. ரெண்டே செகண்டு."

மறுநாள் காலை நானும் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கேட்டது. குளிர்ந்த எஞ்சின் உயிர் பெறும் அந்த இரண்டு விநாடிக்குள் ஒரு கலகலப்பு. பிறகு பழையபடி பட்டுபோல் ஓடியது.

எஞ்சினுக்குள் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் கட்டி ஒரே தாளத்தில் ஓட வைப்பது ஒரு சங்கிலி. அது தளர்ந்து பற்சக்கரத்தில் ஒரு பல் தாண்டினால் உள்ளே ஒன்றோடொன்று மோதி எஞ்சின் அந்த இடத்திலேயே செத்துப்போகும். பெரிய சர்வீஸ் கம்பெனியில் சத்தத்தைக் கேட்டார்கள். திறந்து பார்க்கவில்லை, நேராக மதிப்பீட்டை அச்சடித்து நீட்டினார்கள். சங்கிலி, அதோடு சம்பந்தப்பட்ட சாமான்கள், எஞ்சினை இறக்கி ஏற்றும் கூலி. பதினான்கு வாடகை. காரையே பத்துக்குத்தான் வாங்கியிருந்தோம். ஐந்தாவது பையில் இருந்ததோ மூன்றரை.

அண்ணியின் சவாரிகளில் முக்கால்வாசி ஒரு பெரிய ஓட்டலிலிருந்து வருபவை. அவர்களிடம் பேசினார். பத்து நாள் பொறுப்பார்களாம். அதற்கு மேல் அவர் இடத்தில் வேறு வண்டியைப் போட்டுக்கொள்வார்களாம். இப்படிப்பட்ட கார் இல்லாமல் அந்த ஓட்டல் வாசலில் நிற்க முடியாது. இன்னொன்று வாங்க எங்களிடம் வழியும் இல்லை.

செய்தி எப்படியோ பரவி, கார் தரகர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ஆறு தர்றேன்," என்றார். எங்கள் கணக்கில் மாற்றிச் சொல்கிறேன்.

"ஆறா? உள்ள இருக்கற தோல் சீட்டுக்கே ஆறு போகும்," என்றார் அண்ணி.

"சீட்டு ஓடாதும்மா. எஞ்சின்தான் ஓடணும். இதுவும் திறக்காத வண்டிக்குத்தான் இந்த விலை. யாராவது மூடியைக் கழட்டி உள்ள பார்த்துட்டாங்கன்னா நான் பணம் எடுக்க மாட்டேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யோசிங்க."

"திறந்தா என்ன?"

"திறந்தா உள்ள இருக்கறது எல்லாருக்கும் தெரிஞ்சுடும். தெரியாத வரைக்கும்தான் எங்க வியாபாரம்."

அவர் போனதும் அண்ணன் பேனாவை எடுத்தான். பழைய ரசீது ஒன்றின் பின்பக்கம் எழுதினான். ஆறு வருடம். இரண்டு லட்சத்துப் பதின்மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். புத்தகத்தில் சொன்னபடி மாற்றியிருந்தால் பதினான்கு தடவை. அண்ணி மாற்றியது இருபத்தெட்டு தடவை.

"பதினாலு தடவை கூடுதலா கொட்டியிருக்க. ஏறக்குறைய அஞ்சு வாடகை. அந்த அஞ்சு இப்ப கையில இருந்திருந்தா எட்டரை ஆகியிருக்கும். எங்கயாவது அரை விலைக்காவது சங்கிலி மாத்தியிருக்கலாம். அந்த அஞ்சும் எங்க போச்சு? சொல்லு, எங்க போச்சு?"

அண்ணி அந்த ரசீதை எடுத்துக் கடைசி வரி வரைக்கும் பார்த்தார். பிறகு அதை மடித்து அண்ணன் பக்கமே தள்ளினார். அண்ணனுக்கே அது என்னவோ போலிருந்திருக்க வேண்டும். குரலை இறக்கினான்.

"வித்துடலாம்மா. ஆறு வாடகையாவது மிஞ்சும். திறந்து, உள்ள கெட்டுப்போயிருந்தா அதுவும் போச்சு. அப்புறம் இரும்பு விலைக்குத்தான் எடுப்பான்."

"தெரியாமலே விக்கச் சொல்றீங்க."

"ஆமா."

"எனக்குத் தெரியணுங்க," என்றார் அண்ணி. அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ரயில் பாதையை ஒட்டிய ஒரு பட்டறையில் இருந்தோம். தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த தரை, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் ஸ்பானர்கள். அந்த மெக்கானிக்கை எல்லோரும் 'காது' என்றுதான் அழைப்பார்கள். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். முந்தின ராத்திரியே கொண்டுவந்து நிறுத்தி முழுக்க ஆறியிருந்த காரை அண்ணியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார்.

"சங்கிலிப் பக்கம்தான். ஆனா சங்கிலியான்னு தெரியல."

"காதுக்கே தெரியலையா?" என்றான் அண்ணன்.

"காதுன்னா எக்ஸ்ரேவா சார்? மேல் மூடியைக் கழட்டினா தெரியும். அதுக்கு மட்டும் இவ்வளவு ஆகும்." அவர் சொன்னது அரை வாடகை. "கழட்டட்டுமாக்கா?"

அண்ணி தலையசைத்தார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். வெளியே போய், வாசலில் கிடந்த பழைய டயர் ஒன்றின்மேல் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். பதின்மூன்று வருடம் அந்தக் காரின் ஒவ்வொரு முனகலையும் அறிந்தவர், அதன் உள்ளே பார்க்கத் துணியவில்லை.

டார்ச்சை அண்ணன் வாங்கிக்கொண்டான். முகத்தை இறுக்கமாக வைத்திருந்தான். மெக்கானிக் குழாய்களைக் கழற்றினார், ஒயர்களை விலக்கினார், போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து, எந்த இடத்தில் இருந்தனவோ அதே வரிசையில் அட்டையில் குத்தி வைத்தார். இருபத்திரண்டு போல்ட்டுகள். நான் எண்ணினேன், வேறு எதையும் நினைக்காமல் இருக்க அது உதவியது. மூடி ஒட்டிக்கொண்டு வரவில்லை. ரப்பர் சுத்தியலால் ஓரங்களில் மெல்லத் தட்டினார். ஒரு சின்ன முத்தச் சத்தத்தோடு மூடி விடுபட்டது. இரண்டு கையாலும் தூக்கிப் பக்கத்தில் வைத்தார்.

அண்ணன் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனான்.

நான் கறுப்பை எதிர்பார்த்திருந்தேன். உள்ளே கறுப்பே இல்லை. இளந்தேன் நிறத்தில் உலோகம் மின்னியது. இரண்டு நீண்ட தண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தன. அவற்றின் மேடுகள் ஒவ்வொன்றிலும் டார்ச்சின் ஒளி ஒரு துளியாக நின்றது. பற்சக்கரங்கள் நேற்றுக் கடைந்தெடுத்தவைபோல் கூர் மழுங்காமல் இருந்தன. அவற்றின்மேல் சங்கிலி ஈரமாக, மெல்லிய எண்ணெய்ப் படலத்தோடு, தூங்குவதுபோல் கிடந்தது. மூலைகளில்கூட அழுக்கு ஒதுங்கவில்லை. விருந்தினருக்காகத் துடைத்து அடுக்கிவைத்த வீடு மாதிரி இருந்தது. ஆனால் அந்த வீட்டுக்குள் ஒரு மனிதரும் ஒருபோதும் வந்து பார்க்கப் போவதில்லை. யாரும் பார்க்காத இடத்தை ஆறு வருடமாக ஒருவர் சுத்தமாக வைத்திருந்தார், அது சுத்தமாக இருக்கிறதா என்று தானும் பார்க்காமலே.

மெக்கானிக் விரலை உள்ளே விட்டு ஒரு மூலையைத் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அழுக்கே ஒட்டாத அதே விரலை எங்களிடம் நீட்டினார்.

"எத்தனை ஓடியிருக்குன்னு சொன்னீங்க?"

"நாலு லட்சத்துப் பதினொண்ணாயிரத்து அறுநூறு," என்றான் அண்ணன்.

"மீட்டர் பொய் சொல்லுதா?"

"என் பொண்டாட்டி சொல்ல மாட்டா," என்றான் அண்ணன். அவன் குரல் மாறியிருந்தது.

மெக்கானிக் வாசல் பக்கம் திரும்பி, பக்கத்துப் பட்டறைகளுக்குக் கேட்கும்படி கத்தினார். "டேய், எல்லாரும் வேலையை வெச்சுட்டு இங்க வாங்கடா! ஒரு அதிசயம் காட்டறேன்!"

வெல்டிங் ஆள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். பெயின்ட் அடிப்பவர், பேட்டரிக் கடைக்காரர், யாருடைய காரையோ விட வந்த ஒருவர். ஏழெட்டுத் தலைகள் எஞ்சினைச் சுற்றிக் குனிந்தன. ஒருவர் கையை நீட்டினார். மெக்கானிக் அந்தக் கையில் பட்டென்று ஒன்று வைத்தார். "தொடாதே. பாரு, போ."

அண்ணன் டார்ச்சை அவர்களில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு மொபைலில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் சாய்ந்தான். "மணிக்கு அம்பது கிலோமீட்டர்னு வெச்சாலும் எட்டாயிரம் மணி நேரத்துக்கு மேல ஓடியிருக்குடா. நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் சுத்து." திரையைக் காட்டினான். "நூறு கோடி தடவை சுத்தியிருக்கு. கிட்டத்தட்ட நூறு கோடி. பூமியைப் பத்து ரவுண்டு சுத்திட்டு வந்திருக்கு. வந்து இப்படி இருக்கு."

அவன் வெளியே போனான். நானும் பின்னால் போனேன். ஆனால் தூண் வரைக்கும்தான். அண்ணி இன்னும் டயர்மேல் உட்கார்ந்திருந்தார். உள்ளே எழுந்த சத்தத்தைக் கேட்டு, கெட்டது என்றே முடிவுசெய்துவிட்டார் போல. புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

அண்ணன் அவர் முன்னால் போய் நின்றான்.

"அந்த அஞ்சு வாடகை எங்க போச்சுன்னு கேட்டேன்ல?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ளதான் இருக்கு. அப்படியே இருக்கு. எழுந்து வா, வந்து பாரு."

கூட்டம் விலகி அண்ணிக்கு வழி விட்டது. அவர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "இவ்வளவு அழகா இருப்பியாடி நீ," என்று காரிடம் சொன்னார், எங்களுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல் மிக மெல்ல.

அதற்குள் மெக்கானிக் வேலையைத் தொடர்ந்திருந்தார். சங்கிலி அதிகம் நீளவில்லை. அதைத் தாங்கும் சட்டங்கள் உடையவில்லை. சங்கிலியை இழுத்து விறைப்பாக வைக்கும் ஒரு சிறிய உருளையில்தான் கோளாறு. எண்ணெயின் அழுத்தத்தில் வேலை செய்யும் அது, இரவெல்லாம் எண்ணெயைப் பிடித்து வைக்க முடியாமல் விட்டுவிடுகிறது. அதனால்தான் காலையில் அந்த இரண்டு விநாடித் தளர்ச்சி. அதை மாற்ற, கூலியோடு இரண்டு வாடகை. ஐந்தாவது பைக்குள் அடங்கிய செலவு.

"உள்ள தாரா இருந்திருந்தா இது போனதோட சங்கிலியும் போயிருக்கும்க்கா. சுத்தமா இருந்ததால இது ஒண்ணோட நின்னுச்சு. ஒரு அரை மணி மூடாம வெக்கட்டுமா? எதிர்ப் பட்டறைக்காரன் சாப்பிடப் போயிருக்கான். வந்து பார்த்தா நல்லா இருக்கும்."

"அந்த அரை மணிக்கும் கூலி என் தலையிலயா?"

"அதுக்கு நான்தான் உங்களுக்குக் குடுக்கணும்."

மத்தியானம் பன்னிரண்டுக்குத் தரகரின் அழைப்பு வந்தது. அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னம்மா, யோசிச்சீங்களா?"

"திறந்துட்டோங்க."

"அடடா. அப்ப ஆறு கிடையாது."

"நீங்க ஒரு நடை வந்து பாருங்க. ஆறு வேண்டாம், சும்மா பார்த்துட்டுப் போங்க," என்றார் அண்ணி. அதை ஏளனமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அழைத்தார். தரகர் வரவில்லை.

புது உருளை வெளியூரிலிருந்து வர மூன்று நாள் ஆயிற்று. பொருத்திய பிறகு காரை ராத்திரி அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். முழுக்க ஆறினால்தான் உண்மை தெரியும் என்றார் மெக்கானிக். காலையில் அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மணி நேர அனுமதி எழுதி அனுப்பிவிட்டு வந்தான். இருபது வருட வேலையில் அவன் அனுமதி கேட்டு நான் அறிந்ததில்லை. அண்ணி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தவில்லை. மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை எஞ்சினில் ஊன்றிக் காதைக் கொடுத்தார். வெல்டிங் ஆள் தானாகவே வேலையை நிறுத்தினார். பட்டறை முழுக்க ஊசி விழுந்தால் கேட்கும்.

அண்ணி பொத்தானை அழுத்தினார்.

நாங்கள் காத்திருந்தோம். இரண்டு விநாடி ஆனது. நான்கு ஆனது. அண்ணன் பொறுக்க முடியாமல் கிசுகிசுத்தான்.

"ஏன், ஸ்டார்ட் ஆகலையா?"

மெக்கானிக் காதை எடுக்கவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. "ஓடிக்கிட்டிருக்கு சார்," என்றார்.

அண்ணன் கையை நீட்டி, சூடு பார்க்கிறவனைப்போல் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தான். அந்த மிகச் சிறிய அதிர்வு அவன் கைக்குள் ஏறியிருக்க வேண்டும். கையை அவன் எடுக்கவே இல்லை.

"பதினோரு மணிக்கு ஓட்டல்ல சவாரி இருக்கு," என்றார் அண்ணி உள்ளிருந்து. "கையை எடுத்தீங்கன்னா முன் மூடியைச் சாத்திட்டுக் கிளம்புவேன்."

"இரும்மா," என்றான் அண்ணன். "இன்னும் ஒரு நிமிஷம்."